ஜஹானாரா காணாத கனவு

பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ்ஸில், வண்டி முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் ஜஹானாரா டீச்சர் உட்கார மாட்டாள். கம்பியைப் பிடித்து நின்றபடியேதான் காவிரிப் பாலத்தைத் தாண்டுவாள். கண்டக்டர் பிச்சைமுத்துவுக்கு இது பொறுக்காது.

"ஏன் டீச்சர், சீட்டுல முள்ளா வச்சிருக்கேன்? உக்காருங்க."

"பரவாயில்லீங்க. நாள் பூரா பள்ளிக்கூடத்துல உக்காந்துதானே இருக்கேன்."

இது பச்சைப் பொய். ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாள்? உண்மை என்னவென்றால், உட்கார்ந்தால் அவளுக்குக் கண் சொக்கும். சொக்கினால் அந்தக் கனவு வரும். ஒரு தடவை பாலத்தின் மேலேயே வந்து, "அண்ணே!" என்று அவள் அலற, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து நிற்கிறாள். நான் சொல்வது 1966-ம் வருடத்துச் சங்கதி. அந்தக் கனவின் கதையோ அதற்கும் பத்து வருடம் முந்தியது.

1956-ல் அவளுக்குப் பதினேழு. அத்தா சேக் மைதீன் தோல் வியாபாரி. அண்ணன் கியாசுதீன் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, கடல் தாண்டிப் படிக்கப் போவதென்று ஆறு மாதமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் இரண்டு இடத்திலிருந்து வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஒன்று இங்கிலாந்தில் லீட்ஸ், தோல் பதனிடும் படிப்பு. மற்றது மேற்கு ஜெர்மனியில் மியூனிக், இயந்திரப் படிப்பு.

அத்தாவுக்கு லீட்ஸ்தான். இங்கிலீஷ்காரன் ஊர், பேச்சு புரியும், படித்து வந்தால் தொழிலுக்கும் ஆகும். அண்ணனுக்கு மியூனிக். ஆனால் அத்தா முன்னால் நின்று இது வேண்டாம், அதுதான் வேண்டும் என்று சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. அவன் வாயைத் திறக்கவில்லை. கல்லூரியில் ஜெர்மன் தெரிந்த ஒரு பாதிரியாரிடம் எண்களைக் கற்றுக்கொண்டு வந்து, குளிக்கும்போதெல்லாம் ஒன்று முதல் இருபது வரை சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டவர்களுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அத்தா கேட்டும் கேட்காதது போல இருந்தார்.

பதில் எழுதப் பத்து நாள்தான் இருந்தது. அப்போதுதான் அம்மா ஷரபுன்னிசா அந்த வழியைச் சொன்னாள்.

"எதுக்கு ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீங்க? இஸ்திகாரா தொழுது பாத்துடுவோம். அல்லா காட்டுற ஊருக்குப் போகட்டும்."

இரண்டு ரக்அத் தொழுது, இன்ன காரியம் எனக்கு நல்லதா என்று இறைவனிடம் கேட்டுவிட்டுப் படுப்பதுதான் இஸ்திகாரா. வெள்ளையோ பச்சையோ கனவில் வந்தால் நல்லது; கறுப்போ சிவப்போ வந்தால் ஆகாது. அந்தத் தெருவில் அப்படித்தான் நம்பினார்கள். யாருக்குக் காரியமோ அவர்தான் தொழவேண்டும் என்பது முறை. ஆனால் வீட்டில் கல்யாணமாகாத பெண் இருந்தால், மனசு சுத்தமானது என்று அவளைத் தொழச் சொல்வார்கள். மியூனிக்கை நினைத்து ஜஹானாரா தொழுவதென்று முடிவாயிற்று. நல்ல கனவு வந்தால் மியூனிக், இல்லாவிட்டால் லீட்ஸ்.

அவளும் தொழுதாள். படுத்தாள். அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். விடியற்காலை சுப்ஹு தொழுகைக்கு அம்மா உலுக்கி எழுப்பியபோது நெஞ்சில் ஒன்றுமே இல்லை. ஒரு நாய்க்குட்டி கூடக் கனவில் வரவில்லை.

பசியாற உட்கார்ந்தபோது மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அண்ணன் இடியாப்பத்தைப் பிட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தான்.

"சொல்லும்மா, என்ன பாத்தே?" என்றார் அத்தா.

ஒன்றும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் லீட்ஸ் என்று ஆகிவிடும். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம், வேறு சூதுவாது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"வெள்ளையா ஒரு வெளி, அத்தா. கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளை. அதுல அண்ணன் சிரிச்சுக்கிட்டே நடந்து போறாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அத்தா. மறுபேச்சு இல்லை. அம்மா அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அந்தக் கனவை முழுசாக நம்பினான். அவன் காதோடு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை கிட்டப் போனாள். அவன் சந்தோஷத்தில் மண்ணைப் போட மனம் வராமல் திரும்பி வந்தாள்.

கியாசுதீன் பம்பாயில் கப்பல் ஏறினான். மாதம் இரண்டு கடிதம் வந்தது. முதல் வருடம் பாஷையோடு மல்லுக்கட்டினான், ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் திட்டினான், அப்புறம் அவற்றுக்கும் பழகிப்போனான். இரண்டாவது குளிர்காலத்தில், 1958 ஜனவரியில், தந்தி வந்தது. ஏரியில் மூழ்கி இறந்துவிட்டான் என்று.

வீட்டில் ஒருத்தரும் அதை நம்பவில்லை. காவிரியில் வெள்ளம் போகும்போதே அக்கரைக்கு நீந்திப் போய்வருகிற பிள்ளை அவன். ஏரியிலாவது, மூழ்குவதாவது! ஊர் மாறி, பேர் மாறித் தந்தி வந்துவிட்டது என்று அத்தா தபாலாபீசுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்.

ஆறாம் நாள் அவனே எழுதிய கடிதம் வந்தது. அவன் இறந்த வாரத்தில் தபாலில் போட்டது. மேல்விலாசத்தில் ஜஹானாரா பெயர். "இங்கே பெரிய ஏரி ஒன்று முழுக்க உறைந்து, வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளை. பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நீ கண்ட கனவு இதுதான். ஓரத்தோடு நில், உள்ளே போகாதே என்கிறார்கள் கூட்டாளிகள். எனக்கென்ன பயம்? ஞாயிற்றுக்கிழமை நடுவரைக்கும் நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்."

அவள் பனியைக் கண்டவள் இல்லை. வெள்ளை என்றால் நல்லது, அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கடிதத்தை அடுப்பில் போட்டாள். யாருக்கும் சொல்லவில்லை. அங்கே படிக்க வந்திருந்த துருக்கிப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஜனாஸா தொழுகை நடத்தி அடக்கம் செய்தார்கள் என்று பிறகு ஒரு கூட்டாளி எழுதினான். பனிக்கட்டி உடைந்து போனதையும் அவன்தான் எழுதினான்.

கூட்டாளியின் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தா சொன்ன வார்த்தைதான் அவளைக் கொன்றது. "எம்மவ முன்னாடியே பாத்தா. வெள்ளையா வெளி, அதுல நடந்து போறான்னு சொன்னா. அல்லா அவளுக்குக் காட்டிட்டுத்தான் எடுத்துக்கிட்டான்." அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். அழுகை வரும்போதெல்லாம் அதைச் சொல்லி அழுகையை நிறுத்தினாள். ஐந்து வேளையும் தவறாமல் தொழுதாள்.

நாற்பதாம் நாள் கனவு வந்தது. அவள் வாயால் சொன்ன அதே வெள்ளை வெளி, ஒரு நூல் பிசகாமல். அண்ணன் நடந்து போகிறான். சிரித்துக்கொண்டே திரும்பி, "ஜஹான், இதைத்தானே பாத்தே?" என்று கேட்கிறான். இவளுக்கு வாய் கட்டிக்கொள்கிறது. அவன் இன்னும் இரண்டு எட்டு வைக்கிறான். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் அவன் வந்து கேட்டான். தூக்கத்தில் அலறினால் பக்கத்தில் படுப்பவனுக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்தே, வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் தட்டிக் கழித்தாள். டிரெயினிங் முடித்து ஸ்ரீரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

தெருவில் இன்னொரு கூத்து நடந்தது. கண்ட கனவு பலிக்கிற பெண் என்று அவளுக்குப் பேர் கட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை பார்க்கிறவர்களும், சிங்கப்பூர் போகலாமா என்கிறவர்களும் அவளைத் தொழச் சொல்லி வந்தார்கள். தலைவலி, பரீட்சைத் தாள் என்று ஏதாவது சொல்லித் தப்பித்தாள். ஒரு ரமலானில் பள்ளிவாசல் ஹஜ்ரத் பயான் சொற்பொழிவில், "இஸ்திகாராவுக்குக் கனவு வரணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. கேட்டுட்டு, கலந்து பேசி, மனசு போற வழியில போகவேண்டியதுதான்" என்றார். அன்றைக்கு அவள் நோன்பு திறக்கவில்லை. ஒன்றும் வரவில்லை என்று சொல்லியிருந்தாலும் குடி முழுகியிருக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தாவிடம் சொல்ல வழியில்லை. அவர் 1961-லேயே போய்விட்டார், கனவை நம்பியபடியே.

1966-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு நசீரா வந்தாள். அவள் மகன் ஜெகபர் சாதிக்குக்கு லண்டனில் ஒன்றும் கனடாவில் ஒன்றுமாக இரண்டு இடம் கிடைத்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியல அக்கா. ஜஹானாரா ஒருதரம் தொழுது பாத்துச் சொல்லட்டும். அவ சொன்னா சரி" என்றாள் அம்மாவிடம்.

"அதுக்கென்ன, தொழுவா" என்றாள் அம்மா, இவளைக் கேட்காமலே.

ஜெகபர் சாதிக் வாசற்படியில் நின்று, கையிலிருந்த காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். எந்த ஊர் என்று அவன் ஏற்கனவே முடிவு செய்துவிட்டதும், சொல்லப் பயப்படுவதும் அவன் முகத்திலேயே தெரிந்தது. ஜஹானாரா நசீராவின் முன்னால் வந்து நின்றாள்.

"மாமி, அவன் எந்த ஊருக்குப் போகணும்னு அவனையே கேளுங்க. எங்கிட்ட கேக்காதீங்க. நான் கனவு எதுவும் காணல. அண்ணனுக்கும் காணல. அன்னைக்குச் சொன்னது பொய்."

நசீரா, அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மகன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அம்மா கத்தவில்லை. அடிக்கவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"அல்லாகிட்ட ஒரு வார்த்தை நான் கோவிச்சுக்கல, ஜஹான். காட்டிட்டுத்தானே கூப்பிட்டான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அப்ப எம்புள்ளைய அவன் அனுப்பலியா?"

"இல்லம்மா. நான்தான் அனுப்புனேன்."

"அண்ணங்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லல. அண்ணன் நம்பித்தாம்மா போனாங்க."

ஷரபுன்னிசா முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். ஜஹானாரா ஒளூ செய்ய, கைகால் கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தாள், தொழுகை முஸல்லாவை விரித்தாள், "அம்மா, நேரமாச்சு" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அம்மா விழித்துத்தான் இருந்தாள். தொழ எழுந்திருக்கவில்லை.