ஒற்றை விளக்கு வீடு

பிஸ்கட் ஆலையில் அடுப்புப் பிரிவை மேற்பார்வையிட்டவர் என்பதால் அவரை எல்லோரும் மேஸ்திரி என்றே அழைத்தார்கள். ஆலையை மூடிய பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. பட்டத்துக்குச் சாப்பாடு போட வேண்டியதில்லையே, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்பாள் அவர் மனைவி.

ஆலை மூடப்படப் போகிறது என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. காலை முறை வேலைக்குப் போனவர்கள் வாயிற்கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். மேஸ்திரி சாப்பாட்டுத் தூக்கோடு வீடு திரும்பினார். வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த அழுகையை வீட்டுக்குள் வந்ததும் கொட்டிவிடுவது என்றுதான் வந்தார். மனைவி தூக்கை வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, "நல்ல வேளை, இதையாவது பூட்டாம விட்டாங்களே" என்றாள். அவர் சிரித்துவிட்டார். பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்தச் சிரிப்புதான் அச்சாரம்.

அன்றிலிருந்து சிக்கனம் அந்த வீட்டில் ஒரு கலையாகவே வளர்ந்தது. தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளை ஈரத்தோடு அழுத்தி ஒன்றாக்கினார்கள். பல நிறம் கலந்த அந்தக் கட்டி பார்க்கவும் அழகாக இருந்தது. சட்டைக் கழுத்துப்பட்டை நைந்தால் மனைவி அதைப் பிரித்து உட்புறத்தை வெளியே திருப்பித் தைத்தாள். குளித்த தண்ணீர் தரை துடைக்கப் போயிற்று. உருளைக்கிழங்குத் தோலும் குப்பைக்குப் போகாமல் வாணலிக்குப் போயிற்று. மேஸ்திரி மரச்சாமான் கிடங்கில் சுமை தூக்கினார். அது இல்லாத நாட்களில் பிறர் வீட்டு இரும்புக் கதவுகளுக்கு வர்ணம் அடித்தார். மனைவி அக்கம்பக்கத்தாரின் துணிகளைத் தைத்துச் சரிசெய்து கொடுத்தாள். ஒரே மகள் தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு மட்டும் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது என்பது இருவரும் பேசி முடிவு செய்தது.

விளக்கு ஏற்பாடு மேஸ்திரியின் சொந்த யோசனை. வீட்டிலிருந்த பல்புகள் அனைத்தையும் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். இருப்பதிலேயே மங்கலான ஒன்றை மட்டும் நீளமான ஒயரில் பொருத்தி, அறைக்கு ஓர் ஆணி அடித்தார். எங்கே வேலை நடக்கிறதோ அங்கே விளக்கு போகும். மற்ற இடங்கள் காத்திருக்கும். மகள் அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்தாள். "விருந்தாளி சமையலறையிலயா? கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்புங்க, படிக்கணும்" என்பாள். சாயங்காலமானால் மூவரும் விருந்தாளியைச் சுற்றி ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். வேலையோடு வசதியாக இருந்த காலத்தில்கூட அவர்கள் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை.

குறை சொல்வதற்கு ஒரு சட்டம் பிறந்ததும் அந்த விளக்கின் கீழேதான். குறை சொல்லத் தடையில்லை. ஆனால் கேட்பவர் சிரிக்கும்படி சொல்ல வேண்டும். சிரிப்பு வராவிட்டால் அன்றைய பாத்திரங்களைச் சொன்னவரே கழுவ வேண்டும். சட்டத்தை இயற்றிய மேஸ்திரியே முதலில் மாட்டிக்கொண்டார். முதுகு வலிக்கிறது என்று உள்ளபடி சொல்லிவிட்டு, அந்த முதுகோடு போய்ப் பாத்திரம் கழுவினார். மகள் தன் செருப்பு வாயைத் திறந்துகொண்டு பசிக்கிறது என்று கேட்பதாகச் சொல்லித் தப்பித்தாள். மனைவியை ஒருவராலும் தோற்கடிக்க முடியவில்லை. சட்டப்படி அவள் ஒரு நாளும் பாத்திரம் கழுவியதில்லை. சட்டத்துக்கு வெளியே மற்ற நாட்களிலெல்லாம் கழுவியவள் அவள்தான் என்பது மேஸ்திரிக்கு அப்போது தோன்றவில்லை.

அவளுடைய நகைச்சுவைகளை அவர் இன்றும் ஒன்றுவிடாமல் சொல்வார். சொல்லும்போது சிரிப்பதில்லை.

ஒரு சாயங்காலம் அவள் கோப்பைக்குப் பக்கத்தில் தேநீரை ஊற்றினாள். மேசை முழுவதும் ஓடியது. "கப்பும் உங்க ஆலை மாதிரிதாங்க. சொல்லாம கொள்ளாம இடத்தைக் காலி பண்ணிடுச்சு" என்றாள். மேஸ்திரிக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. மற்றொரு நாள் பெஞ்சின் மூலையில் முழங்காலை இடித்துக்கொண்டு, இந்த வீட்டு மூலைகள் எல்லாம் வாடகை தராமலே இடம் பிடிக்கின்றன, நாளுக்கு நாள் ஒவ்வொரு அடியாக முன்னால் வருகின்றன என்று புகார் சொன்னாள். தட்டின் ஓரத்தில் வைத்த கிழங்கைத் தொடாமலே எழுந்து, எனக்கு வைக்கவில்லையே என்றாள். மகள் சுட்டிக்காட்டியபோது, "ஒளிஞ்சிருந்து விளையாடற கிழங்கை எல்லாம் நான் சாப்பிடறதில்ல" என்றாள். எல்லோருக்கும் சிரிப்பு. மங்கல் விளக்கு வீட்டில் எவர் தடுமாறினால் என்ன? மேஸ்திரியும் இடித்துக்கொண்டார், மகளும் தண்ணீரைக் கொட்டினாள். எல்லோரும் தடுமாறும் இடத்தில் ஒருத்தியின் தடுமாற்றம் மட்டும் வேறு வகை என்பதை எப்படிப் பிரித்தறிவது என்று அவர் பிற்பாடு தம்மைத் தாமே கேட்டுக்கொள்வார். பதிலும் அவரிடமே உண்டு. பகலில் பார்த்திருக்கலாம். பகலில் அவர் வீட்டில் இருந்த நாட்களும் உண்டு.

பிரித்தறிந்தவர் ஒருவர் வந்தார். மனைவியின் அண்ணன். சரக்கு வண்டி வைத்து ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்து, தங்கை சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எதுக்கு சுவத்தைத் தொட்டுக்கிட்டே நடக்குற?"

"சுவர் நிக்குதான்னு பார்த்துக்கறேண்ணா. வீட்டு ஓனர் பழுது பார்க்கற மாதிரி தெரியல. நானாவது தாங்கிப் பிடிக்கணுமில்ல?"

மேஸ்திரியும் மகளும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. நாளைக் காலை கண் ஆஸ்பத்திரிப் பக்கம்தான் சரக்கு இறக்கப் போவதாகவும், வண்டியில் முன் இருக்கை காலியாக இருப்பதாகவும், அவள் ஏறி உட்கார்ந்தால் போதும், மற்றதைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

மற்றதைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன அந்தச் சொல் மேஸ்திரிக்குச் சுருக்கென்று தைத்தது. மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வக்கற்றவன் என்று மைத்துனர் சொல்லாமல் சொல்வதாகப் பட்டது. அவர் எழுந்து தையல் பெட்டியிலிருந்து மிக மெல்லிய ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"மச்சான் பார்க்கட்டும். கோத்துக் காட்டு."

அவள் ஊசியை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நூல் முதல் தடவையிலேயே காதுக்குள் போயிற்று. மகள் கைதட்டினாள். மேஸ்திரி, ஆலையில் ஒரு தட்டு பிஸ்கட்கூடக் கருகாமல் வெளியே வரும்போது எப்படி நிமிர்ந்து நிற்பாரோ அப்படி நின்றார்.

"இந்த வெளிச்சத்துல உங்களால முடியுமா மச்சான்? சிரிக்காதவங்க பாத்திரம் கழுவணும். அதெல்லாம் உள்ளதான் இருக்கு."

சட்டம் அப்படிச் சொல்லவில்லை; சொன்னவர்தான் கழுவ வேண்டும். ஆனாலும் அண்ணன் ஒரு வழியாகச் சிரித்துவிட்டு, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் காலை வண்டி முன் இருக்கை காலியாகவே போயிற்று.

கஷ்ட காலம் ஒரு நாளில் முடியவில்லை, ஆனால் முடிந்தது. மகள் படிப்பை முடித்து ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். சில மாதங்கள் கழித்து, புதிதாகத் திறந்த ரொட்டிக் கூடம் ஒன்றில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள மேஸ்திரியை அழைத்தார்கள். வேலை உறுதியான அன்று அவர் கடைக்குப் போகவில்லை. நேராக டிரங்குப் பெட்டியைத் திறந்தார். செய்தித்தாள் சுற்றியபடி பல்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. மனைவி துணி கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவரும் மகளும் அறைக்கு அறை மாட்டினார்கள். விருந்தாளியை ஆணியிலிருந்து இறக்கி ஒயரைச் சுருட்டி வைத்தார்கள். அவள் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் எல்லா விளக்குகளையும் ஒன்றாகப் போட்டார்கள்.

அவர்களுக்கே கண் கூசியது. கூரையில் படிந்த புகையும் மூலையில் விரிந்த வெடிப்பும் பளிச்சென்று தெரிந்தன. இவ்வளவு காலமும் இந்த வீட்டிலா குடியிருந்தோம் என்று மகள் வியந்தாள்.

மனைவி வாசற்படியைத் தாண்டி நின்றாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"வெளிச்சம் எல்லாம் வந்துடுச்சு. வீட்டை எங்கங்க வெச்சீங்க?"

அவள் அதுவரை சொன்னவற்றிலேயே இதுதான் உச்சம் என்று மேஸ்திரிக்குப் பட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தவர் மனைவியைப் பார்த்தார். அவள் கை பக்கத்துச் சுவரைத் தேடிப் பிடித்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கை போகும் வழியில், வாசலிலிருந்து சமையலறை வரை, அங்கிருந்து குளியலறை வரை, இடுப்பு உயரத்தில் சுவரில் கறுத்த கோடு ஒன்று ஓடியது. உள்ளங்கை அழுக்கு படிந்து படிந்து உண்டான கோடு. மங்கல் விளக்கு ஒரு நாளும் அதைக் காட்டியதில்லை, பகலில் எவரும் கவனித்ததுமில்லை.

மேஸ்திரி சிரிப்பை விட்டு அவள் அருகில் போனார்.

"நிஜமாவே தெரியலையா?"

"இருட்டுன்னுதாங்க நினைச்சேன்" என்றாள். குரலில் வேடிக்கை இல்லை. "நல்ல விளக்கு போட்டா எல்லாம் சரியாயிடும்னு இருந்தேன்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருத்துவர் பெண்மணி, பொறுமையானவர். ஒரு கருவிக்கு முன் உட்கார வைத்து, வெவ்வேறு இடங்களில் புள்ளி வெளிச்சம் காட்டி, தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வெளிச்சம் வந்து வந்து போயிற்று. பொத்தான் பெரும்பாலும் சும்மா இருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும் நோய் இது, வலி இருக்காது, நேர் எதிரே இருப்பது கடைசிவரை தெரியும் என்று விளக்கினார்.

"ஊசி கோக்க முடியுதுங்களே, டாக்டர்" என்றார் மேஸ்திரி. வாதாடுவது போலத்தான் கேட்டார்.

ஊசி நேர் எதிரே இருக்கிறது, கோக்கத்தான் முடியும் என்றார் மருத்துவர். போன பார்வை போனதுதான். மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். ஓரிரு வருடம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்ற நிறையவே இருந்திருக்கும். வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று குற்றம் சாட்டாத குரலில் கேட்டார். கவனித்தோம், சிரித்தோம் என்று ஒரு மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

செய்தி கேட்டு அண்ணன் வந்தார். மேஸ்திரி தலை நிமிரவில்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்று காத்திருந்தார். அவர் திட்டவில்லை. "ஊசி கோத்தப்ப நானும்தானே சிரிச்சேன், மாப்பிள்ளே" என்று மட்டும் சொன்னார்.

அன்றே மேஸ்திரி சட்டத்தை ரத்து செய்தார். இனி இந்த வீட்டில் வலி என்றால் வலி, தெரியவில்லை என்றால் தெரியவில்லை. அவரவர் உள்ளபடி சொல்ல வேண்டும் என்றார். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டார். பெஞ்சு மூலைகளில் துணி சுற்றினார். வீட்டு உரிமையாளர் சுவருக்கு வெள்ளையடித்துத் தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றார். எல்லா விளக்குகளும் எரியும் வீட்டில் மூவரும் ஆளுக்கோர் அறையில் இருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

சில வாரங்கள் அப்படியே போயின. ஒரு சாயங்காலம் அவர் கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து, சுவரில் தெரிந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"நான்தான் இருக்கேனே."

"இருக்கீங்க, சரி. எங்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்? முன்னயெல்லாம் சிரிச்சுக்கிட்டாவது இருப்பீங்க. சத்தம் வர்ற பக்கம் திரும்பிப் பேசுவேன். இப்ப நீங்களும் அந்த மூலை பெஞ்சும் ஒண்ணாத்தான் இருக்கீங்க."

அவளுக்காகச் சிரிக்க முயன்றார். செருமல் போல ஏதோ வந்தது.

"இது சிரிப்பில்ல. போய்ப் பாத்திரம் கழுவுங்க" என்றாள்.

அவர் எழுந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், அவளையும் உட்கார வைத்து, அவள் முகத்துக்கு நேர் எதிரே முழங்கால் முட்ட உட்கார்ந்தார். ஊசியை அவள் எங்கே பிடித்தாளோ அந்த இடத்துக்குத் தம் முகத்தைக் கொண்டுபோனார்.

"இப்ப தெரியுதா?"

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூக்கு தெரியுது. மீதி ஞாபகம் இருக்கு."

மேஸ்திரி சிரித்தார். வாய்விட்டே சிரித்தார், உள்ளறையிலிருந்து மகள் என்ன என்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. சிரிப்பு அடங்கியதும் எழுந்து சட்டைக் கையை மடித்தார். பழைய சட்டப்படி அன்று பாத்திரம் கழுவ வேண்டியவர் எவரும் இல்லை. அவர் போய்க் கழுவினார்.