தனம் சிஸ்டர் தட்டிவிட்ட ஊசி

மன்னார்குடியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது தம்பி ரவி போனில் கூப்பிட்டான். "அண்ணே, தனம் சிஸ்டர் காலையில தவறிட்டாங்க." அதற்குமேல் அழுகைதான் வந்தது. இன்று அவனால் அழ முடிவதே அந்த அம்மாளால்தான்.

தஞ்சாவூரில் அவரோடு நர்ஸாக வேலை பார்த்தவர்களுக்கு, அவருடைய முன்பற்கள் இரண்டும் கட்டுப்பல் என்று தெரியும். உடைத்தவன் ரவி.

சம்பா அறுவடையின்போது அவனுக்குப் புத்தி பேதலித்தது. அறுவடை மெஷின் ஓட்ட வந்தவர் நெல்லில் விஷம் கலக்கிறார் என்று அரிவாளோடு துரத்தினான். குறுக்கே போன என் கையில் வெட்டு விழுந்தது. நாலு பேர் அவனை வரப்பில் அமுக்கிக் கயிற்றால் கட்டி, தஞ்சாவூரில் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். ஊசி போடக் குனிந்த தனம் சிஸ்டரின் வாயில் தலையால் மோதினான். பொத்திய விரல்களுக்கிடையே ரத்தம் வழிய அவர் சொன்னார்: "பல்லு கட்டிக்கலாம். கயித்தத் தளர்த்துங்க, கை நீலமாயிருக்கு."

தினமும் அதே ஊசியைப் போட்டார்கள். மூன்றாம் நாள் ரவி அசையாமல் கிடந்தான். அடங்கிவிட்டான் என்று அம்மா கும்பிட்டாள். ஆனால் உடம்பு கொதித்தது. படுக்கை வியர்வையில் ஊறியிருந்தது. கண் திறந்தாலும் ஆள் தெரியவில்லை. பணியிலிருந்த டாக்டர் அவன் கையை மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை. "இன்னும் முரண்டு பண்றான். இன்னொரு ஊசி போடுங்க" என்றார்.

சிஸ்டர் முழங்கையைப் பிடித்துப் பார்த்தார். மூத்திரப் பையைத் தூக்கிப் பார்த்தார், கடுங்காப்பி நிறம். "முரண்டு இல்ல சார். அந்த ஊசிதான் உடம்ப விறைக்க வைக்குது. இன்னொண்ணு போட்டா செத்துருவார்."

"டாக்டர் நீங்களா நானா?" என்று கத்திவிட்டு டாக்டரே ஊசியை எடுத்தார். சிஸ்டர் அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். ஊசி தெறித்துச் சுவரில் மோதியது.

பல் போன ஆத்திரம் என்றே நினைத்தேன். "பழி வாங்குறியா?" என்று அலறி, இரண்டு கையாலும் அவரைத் தள்ளினேன். கட்டில் கம்பியில் மோதி நெற்றி பிளந்தது. எழுந்தார். ரத்தத்தைத் துடைக்காமலே பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். "காய்ச்சல், விறைப்பு, வியர்வை, புத்தித் தடுமாற்றம், நாலும் இருக்கு சார்."

பெரிய டாக்டர் சொன்னபடி அரை மணி நேரத்தில் ரவி வேறொரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். சதை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருந்ததாம். நாள்கணக்கில் டயாலிசிஸ் செய்தார்கள். பிழைத்தான். பிறகு அவன் மனநோய்க்கு வேறு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினார்கள். இப்போது குறுவைக்கு அவனே நாற்று விடுகிறான்.

பிறகு ஒருநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அதெல்லாம் வேணாம் சார்" என்றார். "மனநோய்க்கு மருந்து எடுக்கிறவங்களுக்குக் காய்ச்சலும் விறைப்பும் சேந்து வந்தா ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாதுன்னு நாலு பேருக்குச் சொல்லுங்க."

போன மாதம் குடவாசல் பேருந்தில் ஒரு பெண், மனநோய் மருந்தை மாற்றியதிலிருந்து தன் கணவர் வீட்டில் காய்ச்சலில் கட்டையாகக் கிடக்கிறார் என்றாள். நடுவழியில் அவளோடு இறங்கி, ஆட்டோ பிடித்து, வீட்டுக்குப் போய் அவரையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனையில் சேர்த்தேன். இதைச் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், சொல்லவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அவசரம்தான்.