பொங்கிய அப்பம்

எங்கள் அடுப்படியில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு பழைய கம்பளிச் சட்டை தொங்குகிறது. ஒரு காலத்தில் அது பச்சை நிறமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அண்ணன் ஜீப் ஓட்ட ஆரம்பித்த புதிதில் மூணாறு கடைத்தெருவில் வாங்கியது. முழங்கை கிழிந்ததும் அம்மா அதைப் பிடுங்கி மாவுப் பானைக்குப் போட்டுவிட்டாள். மலையில் குடியிருப்பவர்களுக்கு இது புரியும். கீழ்நாட்டில் ராத்திரி ஆட்டி வைத்த மாவு விடிவதற்குள் தானாகப் பொங்கி நிற்கும். எங்கள் குளிரில் அது ஆட்டி வைத்தபடியே கிடக்கும். பானைக்குக் கம்பளி சுற்றி, தணல் ஆறாத அடுப்போரம் வைத்து, கைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் காரியத்தில் அம்மாவுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. தோட்டத் தொழிலாளர் லயத்தில் எந்த வீட்டு மாவு பொங்காவிட்டாலும் எங்கள் வீட்டு மாவு பொங்கிவிடும். சேச்சியை நினைக்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது ஜெபமாலையும் இல்லை, சிலுவையும் இல்லை, இந்தச் சட்டைதான்.

சேச்சி, அதாவது மலையாளத்தில் அக்கா, என்றுதான் எஸ்டேட்டே அவரைக் கூப்பிட்டது. தொடுபுழைப் பக்கத்து மலையாளக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் கடைத்தெருவில் ஜீப் பட்டறை வைத்திருந்த தமிழ்க் கிறிஸ்தவரை, வீட்டார் முகம் திருப்பியதையும் பொருட்படுத்தாமல் கட்டிக்கொண்டு மலையேறி வந்தார். அவரை நாங்கள் மேஸ்திரி என்போம். பிள்ளைகள் இல்லை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. அண்ணனுடைய ஜீப் மாதத்தில் பாதி நாள் அந்தப் பட்டறையில்தான் கிடக்கும். ஜீப் கிடந்தால் அண்ணனும் அங்கேயே கிடப்பான், சேச்சி கையால் கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் தின்றுகொண்டு. "இவன் வண்டி கெட்டுப் போறதில்ல, வயிறு பசிச்சாக் கொண்டு வந்து நிறுத்தறான்" என்று சேச்சி கேலி செய்வார். எங்கள் மாரியம்மன் கொடைத் திருவிழாவுக்குத் தவறாமல் எண்ணெய் கொடுத்து அனுப்புவார். வேதம் படித்துக் காட்டியோ, கோயிலுக்கு வா என்று கூப்பிட்டோ ஒரு நாளும் பார்த்ததில்லை. கிருபை என்ற சொல்லை நான் அதுவரை பெண்பிள்ளைகளின் பெயராக மட்டுமே கேட்டிருந்தேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பிலேயே கிருபா என்று ஒருத்தி இருந்தாள், வாயாடி. அந்தச் சொல்லுக்கு எலும்பும் சதையும் உண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆனி மாதத்து மழையில் அது நடந்தது. சுற்றுலாக்காரர்களை இறக்கிவிட்டு, அடுத்த சவாரியைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அண்ணன் வந்துகொண்டிருந்தான். ஏதோ சாமான் வாங்கப் போயிருந்த மேஸ்திரி வழியில் கைகாட்டி ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். மூடுபனி. மூன்றாவது வளைவில் சக்கரம் வழுக்கி ஜீப்பின் இடது பக்கம் சில்வர் ஓக் மரத்தில் மோதியது. அண்ணனுக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு. மேஸ்திரி அந்தச் சீட்டிலேயே போய்விட்டார். மழை என்றும் பனி என்றும் மற்றவர்கள் சொன்னார்கள். அண்ணன் ஒருவன் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. போலீசிடமும் சரி, அம்மாவிடமும் சரி, "வேகமாப் போனேன், நான்தான் கொன்னுட்டேன்" என்றுதான் சொன்னான்.

வழக்கு அதன் போக்கில் போனது. லைசென்ஸ் கொஞ்ச நாள் போய்த் திரும்பியும் வந்தது. ஆனால் அண்ணன் வண்டியைத் தொடவில்லை. நசுங்கியதை வேறு ஊர் ஆட்களை வைத்துச் சரிசெய்து, தார்ப்பாய் போட்டு மூடிவைத்தோம். திறந்து வைத்திருந்தாலும் யார் ஏறியிருப்பார்கள்? காவு வாங்கின வண்டி என்று பெயராகிவிட்டது. அண்ணன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினான். பிறகு சாப்பிடுவதையே பாதி நிறுத்தினான். ஒரு நாள் சாயங்காலம், மழை வருமா என்று கேட்பதுபோல் சாதாரணமாக, "நான் இருந்து என்னம்மா செய்ய?" என்றான். அன்றிலிருந்து அம்மா வீட்டில் மருந்துப் புட்டி எதையும் வைப்பதில்லை. கயிற்றுக் கொடியைக்கூட அவிழ்த்து எங்கோ ஒளித்துவிட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டு வாசலில் அவன் செருப்பு கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்த மாதங்களில் சேச்சி எங்கள் பக்கம் வரவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை, நாங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

பங்குனி பிறந்தது. கிறிஸ்தவர்களின் நோன்புக் காலம். பெரிய வியாழக்கிழமை சாயங்காலம், இயேசுவின் கடைசி இராவுணவை நினைத்து, அவர்கள் வீடுகளில் பெசகா அப்பம் செய்வார்கள். குடும்பத் தலைவர் ஜெபம் சொல்லி அதை முறித்து, மூத்தவர் முதல் சின்னவர் வரை வரிசையாகக் கொடுப்பார். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் மட்டும் செய்வதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கொண்டுவந்து தருவார்கள். இதை அம்மாவுக்கு யாரோ தேயிலைக் காட்டில் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம தீபாவளிக்கும் அப்படித்தான? துக்க வீட்டுல எண்ணெச் சட்டி வைக்க மாட்டோம், பக்கத்து வீட்டுக்காரங்கதான பலகாரம் குடுக்காங்க? நாமளும் பக்கத்து வீடுதான்" என்றாள். நான் மன்றாடினேன். போயும் போயும் நம் வீட்டிலிருந்தா, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றேன். "மூஞ்சியில எறிஞ்சா வாங்கிக்கிடுதேன். எம்புள்ளைய நான் வேற எப்படிக் காப்பாத்த?" என்று அம்மா சொன்னபோது அவள் குரலில் அழுகைகூட இல்லை.

அரிசியும் உளுந்தும் தேங்காயும் சீரகமும் என்று கேட்டு வைத்திருந்தாள். கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அந்த அப்பத்துக்கு மாவு புளிக்கவே கூடாது. அரைத்த கையோடு அவித்துவிட வேண்டும். அதுதான் அதன் விரதம். அம்மாவோ ஆயுள் முழுவதும் மாவைப் பொங்கவைக்கப் போராடியவள். உள்ளதில் நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று, முந்தின நாளே ஆட்டி, அண்ணனின் கம்பளிச் சட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி, அடுப்போரம் வைத்து, நெருப்பு ஆறாமல் பார்த்துக்கொண்டாள். மறுநாள் மாவு பானை விளிம்பைத் தொட்டு நின்றது. அவித்து இறக்கிய அப்பம் பஞ்சுபோல் உப்பி, தட்டுக்கு மேலே எழும்பியிருந்தது. "பாத்தியா?" என்று எனக்குக் காட்டினாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மாவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சத்தைப் பார்த்தேன். தட்டை அதே கம்பளிச் சட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டாள். அண்ணன் தார்ப்பாய் போட்ட ஜீப்புக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தான். எங்கே போகிறோம் என்று அவனிடம் சொல்லவில்லை.

சேச்சி வீட்டில் அவருடைய மூத்த அண்ணன் வந்திருந்தார். கல்யாணத்தின்போது முகம் திருப்பியவர். தங்கை தனியானதும் துணைக்கு வந்துவிட்டார். நாங்கள் அவரை அச்சாயன் என்போம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அம்மா வாசலில் நின்றபடியே தட்டை நீட்டினாள். அச்சாயன் கம்பளியை விலக்கிப் பார்த்தார். "இது புளிச்சதாணு. பெசகாவுக்குப் புளிச்சது பற்றில்ல" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெபம் சொல்லாத வீடு, ஞானஸ்நானம் இல்லாத கை என்று சொல்லி, கடைசியாக மெல்ல, "அதும் இந்த வீட்டிலிருந்து" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அப்போதுதான் தன் தவறு புரிந்தது. பொங்கியதையே பெருமையாக நினைத்துக் கொண்டுவந்தவள், அது பொங்கியதாலேயே ஆகாது என்று கேட்டு, தட்டோடு அப்படியே நின்றாள்.

சேச்சி உள்ளேயிருந்து வந்தார். இளைத்துப் போயிருந்தார். தட்டைப் பார்த்தார், பிறகு அந்தச் சட்டையைப் பார்த்தார். தன் பட்டறையில் கிரீஸ் படிந்து, தானே துவைத்துக் காயப்போட்ட சட்டையை அவருக்குத் தெரியாதா? ஒரு பெண் தன்னோடு தானே மல்லுக்கட்டுவதை அவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை. நெற்றி நரம்பு புடைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு தன் அண்ணனிடம் சொன்னார்: "சேட்டா, தினமும் அப்பம் தா தா என்று ஜெபிக்கிறேனே. வாசல்ல கொண்டுவந்து தரும்போ, இது புளிச்சது, எனக்கு வேண்டான்னு எப்படிச் சொல்றது?" சேச்சி தட்டை மேசையில் வைத்து, குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்து படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஓலையைக் கிழித்து, அப்பத்தின் மேல் சிலுவையாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "மோளே, அவனைக் கூட்டி வா. அவன் வராமல் நான் முறிக்க மாட்டேன்" என்றார்.

நான் ஓடினேன். அண்ணன் வரமாட்டேன் என்று ஜீப்பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். "சேச்சி காத்துக்கிட்டிருக்காங்க, அப்பம் ஆறுது" என்று மட்டும் சொன்னேன். எப்படியோ எழுந்து பின்னாலேயே வந்தான். சேச்சி அவனை மேசைக்கு அருகில் கூப்பிட்டார். முறித்த முதல் துண்டு வீட்டிலுள்ள மூத்தவருக்குப் போக வேண்டும், அதாவது அச்சாயனுக்கு. சேச்சி அதை என் அண்ணன் கையில் வைத்தார். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "தின்னு மோனே, நாளைக்குக் குருசுமலைக்குப் போகணும். வண்டி எடுக்கறது நீயாணு" என்றார். அண்ணன் வாயில் போட்டு மென்றான். மென்று விழுங்கும்வரை அம்மா அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதைக்கு மலையேறப் போகிறவர்கள் கடைத்தெருவில் கூடியிருந்தார்கள். அண்ணன் தார்ப்பாயை எடுத்து ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஒருவரும் அருகில் வரவில்லை. வெள்ளைச் சேலையில் சேச்சி வந்தார். பின்னால் ஏறுவார் என்று நினைத்தோம். அவர் நேராக முன்பக்கம் போய், மேஸ்திரி உட்கார்ந்திருந்த அதே சீட்டில் ஏறி உட்கார்ந்து, எதிரே இருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அம்மாவும் நானும் பின்னால் ஏறினோம். மூன்றாவது வளைவு வந்ததும் "நிறுத்து" என்றார். இறங்கிப் போய், பட்டை உரிந்த அந்த மரத்தை உள்ளங்கையால் அடித்து அடித்து வாய்விட்டு அழுதார். மன்னித்துவிட்டவர் அழமாட்டார் என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய அறியாமை! அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் அதே சீட்டில் ஏறினார். அண்ணன் கியர்க் கம்பியில் வைத்த கையை எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தான். சேச்சி அதன்மேல் தன் கையை வைத்து, "மெல்லப் போனா மதி, அது போதும் மோனே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நான் படித்ததெல்லாம் சின்னதாகிவிட்டது. கடவுள் யார் பக்கம் என்ற வாதமெல்லாம் எனக்கு வேண்டாம். அன்று அந்த ஜீப்பில் அவர் எங்களோடு வந்தார் என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

மறுவாரமே மற்றவர்களும் ஏறினார்கள். சேச்சி ஏறிய வண்டியில் ஏறப் பயந்தால் ஊர் சிரிக்காதா? அண்ணன் பிழைத்துக்கொண்டான். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் ஆனார்கள், தலை நரைத்தது, ஜீப் மட்டும் அதேதான். ஒவ்வொரு வருஷமும் சேச்சி தன் வீட்டில் முறைப்படி புளிக்காத அப்பம் செய்வார். ஆனால் எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு தட்டுப் போக வேண்டும், அது பொங்கியதாகவும் இருக்க வேண்டும். அம்மா வெட்கப்பட்டுப் புளிக்காமல் செய்துகொண்டு போன வருஷம், "அக்கா, என்டெ அப்பம் எங்கே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

போன மழைக்காலத்தில் சேச்சி இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை. அதனால் இந்த வருஷம் அந்த வீட்டில் அப்பம் இல்லை. பெரிய வாரம் தொடங்கியதும் அச்சாயன் எனக்குப் போன் செய்தார். வயதாகிக் குரல் உடைந்துவிட்டது. "மோளே, வியாழக்கிழமை அப்பம் நிங்கள் வீட்டிலிருந்து வரணும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "புளிச்சது" என்றார்.

அம்மாவால் இப்போது பானையைத் தூக்க முடியவில்லை. அண்ணன்தான் மாவைக் கரைத்து, சுவரிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்துச் சுற்றி, அம்மா சொல்லச் சொல்ல அடுப்போரம் நகர்த்தி வைத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் அவித்த தட்டை அதே சட்டையில் பொதிந்து முன் சீட்டில் வைத்தான். அம்மாவும் நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். கடைத்தெரு பக்கத்தில்தான், நடந்தே போய்விடலாம். அண்ணன் ஜீப்பை எதிர்த் திசையில் திருப்பி, மூன்றாவது வளைவு வரைக்கும் போய், அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நிறுத்தினான். பிறகு திரும்பி மெல்ல, மிக மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தான். அச்சாயன் வாசலில் கம்பை ஊன்றிக்கொண்டு காத்து நின்றார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அண்ணன் தட்டை அவர் கையில் கொடுத்ததும், கம்பளியை விலக்கி, விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பொங்கியிட்டுண்டோ?" என்று கேட்டார்.

"பொங்கியிருக்கு அச்சாயா" என்றாள் அம்மா.