இருபத்திரண்டு நாள் காத்திருந்த ஒற்றை வரி

1. ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை அந்த விசைப்படகு காசிமேட்டுக்குத் திரும்பியது. வயர்லெஸ் அறையில் இருந்தவர் வழக்கம்போல் படகின் எண்ணைக் கணினியில் தட்டினார். அதில் போன ஆறு பேரின் வீட்டுக்கும் ‘படகு வந்தாச்சு’ என்று குறுஞ்செய்தி போக வேண்டும்.

2. ஐந்து போயின. ஆறாவது, என் நிரலுக்கும் குறுஞ்செய்தி நிறுவனத்தின் கணினிக்கும் நடுவில் நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அந்த வீட்டு ஆளே அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

3. வெள்ளிக்கிழமை அதே ஆறு பேருடன் படகு மறுபடி கடலுக்குப் போனது.

4. மூன்றாம் நாள் காற்று எழும்பியது. மற்ற படகுகள் திரும்பின. அது திரும்பவில்லை.

5. செய்தி நின்றுபோன இருபத்திரண்டாம் நாள் காலை நான் நிரலின் இணைப்பு அமைப்புகளைச் சரிசெய்து, மறுபடி ஓடவிட்டேன்.

6. அடுத்த நிமிடம் அந்த ஆறாவது செய்தி போய்ச் சேர்ந்தது.

இந்தப் பட்டியலைப் பல தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன். வரிசையை மாற்ற முடியவில்லை. ஐந்தாவதை மட்டும் அடித்துவிடலாமா என்று பேனா ஒவ்வொரு முறையும் அங்கே போய் நிற்கும்.

ராயபுரத்தில் ஐஸ் கம்பெனி மாடியில் இருந்த மூன்று பேர் அலுவலகம் எங்களுடையது. கல்லூரி முடித்து நான் சேர்ந்த முதல் வேலை. படகுக்காரர்கள் சங்கத்துக்காக அந்த நிரலை எழுதினேன். செய்தியை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பதில் வாங்கிவரும் வேலைக்கு, யாரோ எழுதி இணையத்தில் வைத்திருந்த ஹெச்.டி.டி.பி. லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றைப் பயன்படுத்தினேன். ஐந்து இணைப்புகள் திறந்திருக்கலாம் என்று போட்டேன். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் எதுவும் போடவில்லை. போடாவிட்டால் அது பூஜ்யம். அந்த லைப்ரரியில் பூஜ்யம் என்றால் காத்திருக்காதே என்பதல்ல, பதில் வரும்வரை காத்திரு என்பது. கையேட்டில் ஒரே வரியில் இருந்தது. நான் அதைப் படித்துமிருந்தேன்.

செய்தியில் தேதி போடாததும் நான்தான். செய்தி போகும் வீடுகளில் மீன் விற்கும் பெண்கள் பலருக்குப் படிக்கத் தெரியாது. செல்போனில் அப்போது தமிழ் எழுத்தும் வராது, ஆங்கில எழுத்தில்தான் போகும். அவர்கள் வடிவத்தை வைத்துக் கண்டுகொண்டார்கள். ஒற்றை வரி என்றால் படகு வந்துவிட்டது, கூடையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குக் கிளம்பலாம். இரட்டை வரி என்றால் படகு தாமதம். தேதி சேர்க்கலாமா என்று கேட்டபோது ஏலத் திடலே சிரித்தது.

“ஏம்மா படிச்ச பொண்ணு, ஒத்த வரிய ரெட்டை ஆக்கிட்டின்னா நாங்க ஊட்லயே குந்திகினு கெடப்போம். மீனு இன்னா நடந்து வருமா?”

அப்படிச் சொன்னவள்தான் அந்த ஆறாவது வீட்டுக்காரி.

இருபத்திரண்டாம் நாள், செய்திகள் மெதுவாகப் போகின்றன என்று வயர்லெஸ் அண்ணன் கூப்பிட்டனுப்பியிருந்தார். ஐந்து இணைப்புகளில் ஒன்று செத்துக் கிடந்தது. வேலை எளிது. இணைப்புக்குப் பத்து விநாடி. பதிலுக்கு முப்பது விநாடி. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு. நிரலை நிறுத்தினேன், ஓடவிட்டேன். போகாத செய்திகள் ஒன்று என்று காட்டிய திரை பூஜ்யத்துக்கு மாறியது. அது யாருக்கானது என்று பார்க்கவில்லை. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

“இன்னா பாப்பா, கம்ப்யூட்டருக்குப் பேய் ஓட்டிட்டியா?” என்றார் அண்ணன்.

“ஓடிப்போச்சுண்ணா.”

அரை மணி நேரத்தில் அந்த ஆறாவது வீட்டுக்காரி வந்தாள். செருப்பில்லை. கையில் மீன் செதில் காயாமல் ஒட்டியிருந்தது.

“படக எந்த ஜெட்டில கட்டிக்கீறாங்கண்ணா? இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி பாத்துட்டேன், காணோம்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். “படகு வர்லமா. யார் சொன்னா உனுக்கு?”

“நீதான் சொல்லிக்கிற.” போனை நீட்டினாள். பச்சைத் திரையில் ஒற்றை வரி. “நீ கண்ணால பாக்காம இது வராதுன்னு நீயே சொல்லல? பாத்துட்டு இன்னாத்துக்கு மறைக்கிற? போலீசு உள்ள வச்சு வெசாரிக்கிறாங்களா? யாருக்கானா அடியா?”

அவளை உட்காரவைத்து நான்தான் சொன்னேன்.

“அக்கா, அது பழைய செய்தி. போன தடவை படகு வந்துச்சுல்ல, அந்தச் செவ்வாக்கெழமை. அன்னைக்கு வர வேண்டியது.”

“அப்ப இத்தினி நாளா எங்க இருந்துச்சு?”

“நடுவுல நின்னுடுச்சு. அந்தப் பக்கத்துலேருந்து பதில் வரும்னு காத்துகினு இருந்துச்சு.”

“இருபது நாளுக்கு மேலயா?”

“எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு நான் சொல்லல அக்கா. சொல்லலைன்னா அது காத்துகினே இருக்கும்.”

அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மெல்லத் தெளிந்தது. அந்தத் தெளிவைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

“இத்தினி நாளு கயிச்சும் வந்துச்சுல்ல,” என்றாள். “செத்துப் பூடுச்சுன்னு நெனச்சீங்க. வந்துச்சுல்ல.”

நான் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று மீதம் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவே இல்லை. காத்திருந்ததை நான்தான் அறுத்தேன். அவளுக்கு வந்தது நான் புதிதாக அனுப்பியது. இதைச் சொன்னால் போதும், அவளுக்குப் புரிந்திருக்கும். வாய் திறந்தேன். “தண்ணி குடிக்கிறீங்களா அக்கா?” என்றுதான் வந்தது.

“வேணாம் கண்ணு. ஐஸ் வாங்கணும்,” என்று எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு திருவொற்றியூரிலிருந்து ரயிலில் வரும்போதெல்லாம், ஜன்னலில் துறைமுகத்துப் படகுக் கம்பங்களும் ஆன்டெனாக்களும் தெரியும் இடத்தில் தலையைக் குனிந்துகொள்வேன். எங்கோ ஓர் இணைப்பு இன்னும் திறந்திருப்பதாகவும், அதன் மறுமுனையில் யாரோ பேசாமல் இருப்பதாகவும் தோன்றும். அலுவலகம் போனதும் முதல் வேலையாகப் போகாத செய்திகளின் எண்ணிக்கையைப் பார்ப்பேன். பூஜ்யம். அதைப் பார்த்தால் நிம்மதி வர வேண்டும்.

சில மாதங்களில் மற்ற ஐந்து வீட்டாரும் கடற்கரையில் காரியம் செய்தார்கள். அவளையும் கூப்பிட்டார்கள். போனைக் காட்டி, “ஒத்த வரி வந்துக்குது. நான் எப்டி வர்றது?” என்றாளாம். அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டு, தன் வயர்லெஸ் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

இப்போதைய நிலை இது. இணைப்புக்குப் பத்து விநாடி, பதிலுக்கு முப்பது. மறுபடி அனுப்புவது மூன்று முறை மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பழசான செய்தி போகாது. எல்லாச் செய்தியிலும் தேதி உண்டு. படகு வந்தால் இரட்டை வரி, தாமதமானால் மூன்று வரி, பெண்கள் பழகிக்கொண்டார்கள். படகு வரவில்லை. அவள் காரியம் செய்யவில்லை. அவள் போனில் அந்த ஒற்றை வரி இருக்கிறது. மீதமிருந்த வாக்கியத்தை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.