செப்டம்பர்ல கட்டுன பொட்டி

பிள்ளையார் சதுர்த்தி அன்னிக்கு எங்க தெருவுல எல்லா வூட்டு வாசல்லயும் மாவிலை தொங்கிச்சி. எங்க வூட்டு வாசல்ல மட்டும் கிறிஸ்துமஸ் ஸ்டாரு தொங்கிச்சி. சிரிக்காம என்ன பண்ணுவாங்க? எதிர் வூட்டு அக்கா கோலமாவுக் கிண்ணத்தைக் கையில வெச்சிக்கிட்டு, "ஏம்மா, இந்த வருசம் உங்க சாமி குறைமாசத்துலயே பொறக்கறாரா?"ன்னு கேட்டாங்க. எனக்கே சிரிப்பு வந்துடுச்சி. "எல்லாம் என் பொண்ணு பண்ற கூத்துக்கா, அவளையே கேளுங்க"ன்னு போனை அவங்க பக்கம் திருப்புனேன். குவைத்துல இருந்து வீடியோவுல பாப்பா பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தா.

பாப்பா எனக்கு ஒரே பொண்ணு. நர்சுக்குப் படிச்சிட்டு குவைத்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை பார்த்தா. அவ ரூம்ல கூட இருந்தது ஒரு பிலிப்பைன்ஸ் பொண்ணு, அதுவும் நர்சு தான். எல்லா கூத்தும் அங்க ஆரம்பிச்சது தான். அவங்க நாட்டுல செப்டம்பர் பொறந்தாலே கிறிஸ்துமஸ் வந்துட்டதா அர்த்தமாம். ஒண்ணாந்தேதி காலையிலயே கடையில, பஸ்ஸுல, ரேடியோவுல எல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு போட்டுடுவாங்களாம். ஜன்னலுக்கு ஜன்னல் மூங்கில் குச்சியில காகிதம் ஒட்டுன ஸ்டாரு தொங்குமாம். வெளிநாட்டுல வேலை செய்யறவங்க ரூம் மூலையில ஒரு பெரிய அட்டைப்பொட்டியை வெச்சி, சம்பளம் வர வர சோப்பு, சாக்லேட்டு, துணின்னு போட்டு ரொப்பி வூட்டுக்குக் கப்பல்ல அனுப்புவாங்களாம். கப்பலு மெதுவா தான போகும். முன்னாடியே ஆரம்பிச்சாத்தான் பண்டிகைக்குப் போய்ச் சேரும்.

இதையெல்லாம் பாப்பா சொன்னப்ப நான் நல்லா திட்டுனேன். "சாமியாரே இன்னும் ஊதாத் துணி மாட்டல, உனக்கு அதுக்குள்ள கிறிஸ்துமஸா? ஆவணியில ஸ்டாரு கட்டுனா ஊரு வாயில பூந்து வரணும்டி"ன்னேன். எங்க வழக்கத்துல பண்டிகைக்கு முன்னாடி நாலு வாரம் திருவருகைக்காலம் வரணும், சாமியாரு ஊதா அங்கி போடணும், நாங்க மனசைக் கழுவணும், அப்பறம் தான் ஸ்டாரு, குடிலு, முறுக்கு எல்லாம். பாப்பா மசியல. "யம்மா, நீ கார்த்திகைக்கு அகல் விளக்கை எந்த மாசத்துல பொட்டி கட்டுவ? ஆடியில தான? ஊருக்கெல்லாம் ஆடியில கார்த்திகையைக் கட்டி அனுப்பறவ, எனக்கு மட்டும் ரூல்ஸ் பேசறியே"ன்னா. அவ சொன்னது நெசம் தான்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில நான் பேக்கிங்ல இருக்கறேன். எங்க வூட்டுக்காரரு அதே பேட்டையில சூளை பாக்கறவரு. அவரு சுடுவாரு, நான் கட்டுவேன். கொலு பொம்மை, அகல் விளக்கு, கிறிஸ்துமஸ் குடில்ல வைக்கற சாமி சுருவம் எல்லாமே பண்டிகைக்கு மாசக்கணக்குல முன்னாடியே எங்க கையை வுட்டுப் போயிடும். பாப்பா ஸ்கூலு லீவுல என் கூட வந்து வைக்கோல்ல உக்காந்து விளையாடுனவ. அடியில கனமானது, மூலைக்கு மூலை அடைப்பு, குழிவா இருக்கறதுக்குள்ள சின்னதைத் திணிக்கணும். கட்டி முடிச்சிட்டுப் பொட்டியைக் காதுகிட்ட வெச்சி ஆட்டணும். லேசா ஒரு சத்தம் வந்தாலும் அவுத்துட்டு முதல்ல இருந்து கட்டணும். ஒரு தடவை சொன்னேன், புடிச்சிக்கிட்டா. என் புள்ளைங்கறதுக்காகச் சொல்லல, அவ கட்டுன பொட்டியில ஒரு அகலு உடைஞ்சதில்ல.

அந்த வருசம் அவ ரொம்பவே கெஞ்சுனா. வேலைக்குப் போனதுல இருந்து டிசம்பர்ல லீவே கெடைக்கல, அந்த வருசம் தான் கெடைச்சிருக்குது. "நான் வர்ற வருசம்மா, வாசல்ல ஸ்டாரு இருக்கட்டும். தெனம் வீடியோவுல பாத்துக்கறேன். பொட்டி நான் ரொப்பறேன், ஸ்டாரு நீ கட்டு"ன்னா. அவங்க அப்பா பொண்ணு கேட்டா எதுக்கு இல்லன்னு சொல்லியிருக்கறாரு? பரண்ல இருந்து ஸ்டாரை எறக்கி, தூசு தட்டி, ஸ்டூல் மேல ஏறிட்டாரு. நான் போனைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். "போதுமா பாப்பா?"ன்னாரு. "இன்னும் கொஞ்சம் மேலப்பா"ன்னா. "இப்ப?" "இன்னும் கொஞ்சம் மேல." போன்ல அவளுக்குப் பின்னாடி கட்டில்ல அந்தப் பிலிப்பைன்ஸ் பொண்ணு உக்காந்து கையைத் தட்டுது. என்னைப் பாத்து "மம்மி, சாப்டியா?"ன்னு கேக்கும். அதுக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவு தான்.

அப்பறம் தெனம் ஒரு சேதி. இன்னிக்கு அப்பாவுக்கு பனியன் எடுத்தேன், இன்னிக்கு எதிர் வூட்டு அத்தைக்குத் தைலம் எடுத்தேன். "எனக்கு?"ன்னு கேட்டா, "உனக்கு ஒண்ணுமில்ல, திட்டறதுக்குக் கூலி கெடையாது"ம்பா. தனக்கு மெரூன் கலர்ல ஒரு சுடிதாரு எடுத்திருக்கறதா சொன்னா. காட்டுடின்னா காட்ட மாட்டேன்னுட்டா. "நடுராத்திரிப் பூசைக்குப் போட்டுக்கிட்டு வருவேன், அப்பப் பாரு." செப்டம்பர் கடைசியில பொட்டியைக் கட்டி, கார்கோவுல போட்டுட்டா.

அக்டோபர் முடியற சமயம். நான் வேலைக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தேன். அந்தப் பிலிப்பைன்ஸ் பொண்ணு கிட்ட இருந்து போனு. எடுத்தா, "மம்மி, மம்மி"ன்னு அழுவுது. வேற ஒரு வார்த்தையும் வரல அதுக்கு. எனக்கு இங்கிலீஷும் தெரியாது, அவங்க பாஷையும் தெரியாது. ஆனா புரிஞ்சிப்போச்சி. பெத்தவளுக்குப் புரியாதா? அப்பறம் கூட வேலை செய்யற ஒரு மலையாளத்துப் பொண்ணு போனை வாங்கித் தமிழ்ல சொல்லிச்சி. டூட்டி முடிஞ்சி வந்த வேனு லாரியில மோதிடுச்சாம். அடிபட்டவங்கள்ல பாப்பா மட்டும் பொழைக்கல. ஐயோ என் சாமி, எத்தனையோ பேரு போற வண்டியில என் புள்ளை தானா உன் கண்ணுக்குத் தெரிஞ்சா?

சாவு வூட்டு வாசல்ல ஸ்டாரு இருக்கலாமா? யாரும் வாய் தெறந்து சொல்லல. எங்க வூட்டுக்காரரே போயி, ஸ்டூலு கூட போடாம எக்கி, ஒரே இழுவையா இழுத்தாரு. காகிதம் கிழிஞ்சி ஒரு முனை கயித்துலயே தொங்கிச்சி. அவரு அழுதுக்கிட்டே உள்ளே போயிட்டாரு. எதிர் வூட்டு அக்கா தான் வந்து மிச்சத்தையும் அவுத்து எடுத்தாங்க.

உடம்பு வர நாளாச்சி. நவம்பர்ல கல்லறைத் திருநாளெல்லாம் முடிஞ்சப்பறம் தான் வந்தா. மெட்ராஸ்ல இருந்து ஆம்புலன்ஸு. சுத்திலும் ஆணி அடிச்சி, மெழுகு வெச்சி, பட்டை போட்ட பொட்டி. நான் கடலூர் போயி ஒரு புதுப்புடவை எடுத்து வெச்சிருந்தேன், நானே கட்டி வுடணும்னு. கூட வந்த ஆளு, "திறக்கக் கூடாதும்மா. நாளாயிடுச்சி, நீங்க பாக்க வேணாம்"னாரு. எங்க வூட்டுக்காரரு என் தோளைப் புடிச்சிக்கிட்டாரு. சாமியாரும் வேணாம்மான்னாரு. சரின்னுட்டேன். அந்தப் புடவையைப் பொட்டி மேல போத்தி அனுப்பிச்சோம். சமைஞ்சப்ப புதுசு கட்டி வுட்டேன், காலேஜுக்குப் போறப்ப புதுசு கட்டி வுட்டேன், கடைசி வழிக்கு மட்டும் என் கையால ஒரு துணி போட முடியல. புள்ளை செத்துட்டாங்கறது ஒரு பக்கம், இது ஒரு பக்கம் நெஞ்சை அறுத்துக்கிட்டே கெடந்திச்சி. மூஞ்சியைப் பாக்காததால சில சமயம் அவ சாகவே இல்லைன்னு கூட தோணும். பைத்தியக்காரி மாதிரி போனை எடுத்து எடுத்துப் பாப்பேன்.

டிசம்பர் பொறந்திச்சி. ஊருல இருக்கற கிறிஸ்தவ வூட்டுலயெல்லாம் ஸ்டாரு ஏறிடுச்சி, எங்க வூடு இருட்டு. ஒரு நாள் சாயங்காலம் கார்கோ வண்டி வந்து நின்னுச்சி. எங்க வூட்டுக்காரரும் வண்டிக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சி அந்த அட்டைப்பொட்டியைக் கூடத்துல எறக்குனாங்க. பாப்பா அனுப்புனது. நான் அதைச் சுத்தமா மறந்தே போயிருந்தேன்.

துக்கத்துக்குத் துணையா திட்டக்குடியில இருந்து என் நாத்தனா வந்திருந்தாங்க. பாத்ததும், "முதல் வருசம்மா. துக்க வூட்டுல புதுத்துணி, பண்டம் எதுவும் பிரிக்கறது இல்ல. ஒரு வருசம் போவட்டும்"னாங்க. அவங்களும் நல்லதுக்குத் தான் சொன்னாங்க. எங்க வூட்டுக்காரரு செவுத்தைப் பாத்துக்கிட்டு, "அக்கா சொல்றது தான் சரி. பரண்ல ஏத்திடலாம். நீ பாக்க வேணாம்"னாரு.

எனக்கு எங்கிருந்து தான் அவ்வளவு ஆத்திரம் வந்திச்சோ. "அந்தப் பொட்டியைத் திறக்கக் கூடாதுன்னீங்க, கேட்டுக்கிட்டேன். இந்தப் பொட்டியையும் திறக்கக் கூடாதா? எத்தனை பொட்டியிலங்க என் புள்ளையை வெச்சி மூடுவீங்க?"ன்னு கத்துனேன். தெருவே கேட்டிருக்கும். அவரு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. நாத்தனா உள்ளே போயி, அருவாமனையை எடுத்துக்கிட்டு வந்து என் பக்கத்துல வெச்சாங்க, டேப்பு அறுக்க.

அறுக்கறதுக்கு முன்னாடி, பழக்கம் வுடுமா, ஒரு பக்கத்தைத் தூக்கிக் காதை வெச்சி ஆட்டிப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்ல. கப்பல் ஏறி, லாரி ஏறி, எத்தனை பேரு தூக்கிப் போட்டானுங்களோ, உள்ளே ஒண்ணும் அசையல. "பாருங்க, எப்படிக் கட்டியிருக்கறா பாருங்க"ன்னு சொன்னேன். சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டேன்.

அங்க வைக்கோலுக்கு எங்க போவா? துணியையே வைக்கோலா ஆக்கியிருந்தா. அடியில சோப்பு, பால் பவுடரு டின்னு. தைல பாட்டிலுங்க சாக்ஸுக்குள்ள. மூலைக்கு மூலை அப்பாவோட பனியன். நட்ட நடுவுல, எந்த அடியும் படாத எடத்துல, உருண்டையா ஒரு துணிச்சுருளு. மெரூன் கலரு. நான் அதை மடியில வெச்சிப் பிரிச்சேன். புதுச் சுடிதாரு, கழுத்துல அட்டை கூட கிழிக்காம. அதுக்குள்ள ஒரு பீங்கான் டீ கப்பு. எனக்குத் தான். பொழுதுக்கும் கப்பும் அகலும் பொட்டி கட்டறவளுக்குக் கடல் தாண்டி ஒரு பீங்கான் கப்பு! கழுதை, திட்டறதுக்குக் கூலி இல்லைன்னாளே. என் கப்பு உடையக் கூடாதுன்னு தன் பண்டிகைத் துணியை அதுக்குச் சுத்தி வுட்டிருக்கறா.

சுடிதாரைத் தரையில விரிச்சி, கையால நீவி வுட்டேன். தோளு, கை, இடுப்புன்னு தடவிப் பார்த்தேன். அவ அளவு தான். அன்னிக்குத் தான் என் புள்ளை செத்துட்டாங்கறது எனக்கு உறைச்சிது. நான் அழுதது அந்தத் துணியைப் பாத்துத் தான், அந்த ஆணி அடிச்ச பொட்டியைப் பாத்து இல்ல. எங்க வூட்டுக்காரரு பக்கத்துல வந்து உக்காந்து ஒரு கையைப் புடிச்சிக்கிட்டாரு, துணியோட கையை.

கிறிஸ்துமஸ் அன்னிக்கு நாங்க எங்கயும் போவல. அந்தப் பிலிப்பைன்ஸ் பொண்ணு போன் பண்ணிச்சி. அவங்க வழக்கத்துல பண்டிகைக்கு முன்னாடி ஒம்போது நாளு விடிகாலைப் பூசை உண்டாம். ஒம்போதும் இந்த வருசம் பாப்பாவுக்காகப் பார்த்ததா அந்த மலையாளத்துப் பொண்ணை வெச்சி சொல்லிச்சி. இன்னொண்ணும் சொல்லிச்சி. செப்டம்பர் ஒண்ணாந்தேதியில இருந்து பாப்பா தெனம் டூட்டிக்குக் கெளம்பறப்ப கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடிக்கிட்டே தான் தலை வாருவாளாம். கடைசியாப் போன அன்னிக்கும் பாடிக்கிட்டே தான் போனாளாம்.

அதை நெனைச்சி நெனைச்சிப் பாக்கறேன். நான் சொன்னதைக் கேட்டு, திருவருகைக்காலம் வரட்டும், டிசம்பர் வரட்டும்னு அவ பொறுத்திருந்தா, அந்த வருசம் என் பாப்பாவுக்குக் கிறிஸ்துமஸே கெடையாது. செப்டம்பரும் அக்டோபரும் அவளுக்குக் கெடைச்சிது. அந்த ஊரு வழக்கம் நல்லா இருக்கட்டும்.

அடுத்த செப்டம்பர் ஒண்ணாந்தேதி, நான் ஒரு வார்த்தை சொல்லல. எங்க வூட்டுக்காரரு கடைத்தெருவுக்குப் போயி அலைஞ்சி, இன்னும் ஸ்டாரே வரலையேன்னு சிரிச்ச கடைக்காரருகிட்ட போன வருசத்து ஸ்டாரு ஒண்ணைக் கேட்டு வாங்கிக்கிட்டு வந்தாரு. ஸ்டூலைப் போட்டு ஏறுனாரு. எதிர் வூட்டு அக்கா வந்து ஸ்டூலைப் புடிச்சிக்கிட்டாங்க, ஒரு கேலி பேசல. கயித்தை ஆணியில மாட்டிட்டு, பழக்கத்துல அவரு திரும்பாமலே, "போதுமா பாப்பா?"ன்னாரு.

கேட்டுட்டு அப்படியே நின்னுட்டாரு. கையை எறக்கல.

"இன்னும் கொஞ்சம் மேலங்க"ன்னேன்.