சாச்சாவின் முகம் இருந்த படம்

புகைப்படங்களைத் தேர்ந்தெடுப்பது என் தொழில். ஒருவர் வாழ்நாளெல்லாம் எடுத்த படங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார்கள். எது கண்காட்சிச் சுவருக்குப் போக வேண்டும், எது பெட்டிக்கே திரும்ப வேண்டும் என்று சொல்வதற்கும், சுவருக்குப் போனதைப் பற்றி நாலு பக்கம் எழுதுவதற்கும் எனக்குச் சம்பளம். இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம், சென்னையில் படித்ததையும் ஒரு பத்திரிகையில் படங்களுக்குக் கீழே வாசகம் எழுதிக்கொண்டிருந்ததையும் சொல்வேன். பொய்யில்லை. ஆனால் முதன்முதலாக ஒரு படத்தை நான் விலக்கியது பத்து வயதில், மேலப்பாளையத்தில், எங்கள் வீட்டு முன்னறையில்.

என் உம்மாவின் தங்கையை நான் சாச்சி என்று கூப்பிடுவேன். அவளுடைய மாப்பிள்ளை, என் சாச்சா, சவூதியில் கட்டட வேலை பார்த்தார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் ஒருமுறைதான் விடுப்பில் வந்தார். அவர் திரும்பிப் போன ஐந்தாம் மாதம் வாப்பா வேலை பார்த்த துணிக்கடைக்குப் போன் வந்தது. சாச்சா சாரத்திலிருந்து விழுந்து மவுத்தாகிவிட்டார். உடலை அங்கேயே அடக்கிவிட்டார்கள். முகத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறோம், ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறோம் என்று கூடத் தங்கியிருந்தவர்கள் சொன்னார்கள்.

சாச்சி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. புருஷன் இறந்தபின் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் இத்தாவுக்கு அவளைப் பின்னறையில் உட்கார வைத்தார்கள். அவள் பெரிதாக அழவில்லை. படம் வரட்டும் என்று மட்டும் சொன்னாள். அடுக்களையில் பெண்கள் வேறு மாதிரி பேசினார்கள். "மொகமெல்லாம் வீங்கிக் கெடக்காம். வயித்துப் பிள்ளக்காரி அதப் பாத்தா தாங்குவாளா?" என்று உம்மா கேட்டது என் காதில் விழுந்தது. பெரியவர்கள் கவலைப்பட்டால் அதற்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று நினைக்கும் பிள்ளை நான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், சாச்சாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த வள்ளியூர் அண்ணாச்சி வந்தார். உம்மா சாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். வாப்பா கடையில். வீட்டில் நான் மட்டும்தான். வெகுநேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பழுப்புநிற உறை ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"பிரிச்சுப் பாக்காம வாப்பா கையில குடுத்துரணும், என்னம்மா?"

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குப் பிரிக்கத் தோன்றியிருக்காது. பசை ஏற்கெனவே பாதி விட்டிருந்தது. உள்ளே மூன்று படங்கள். ஒன்றில் ஆட்கள் வரிசையாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, இறந்தவருக்கான மய்யித்துத் தொழுகையைத் தொழுதார்கள். இன்னொன்றில் மண்மேடும் தலைமாட்டில் ஒரு கல்லும். மூன்றாவதில் வெள்ளைத் துணிக்குள் ஒரு முகம். அது சாச்சா என்று யாராவது சொன்னால்தான் தெரியும். சட்டென்று கவிழ்த்துவிட்டேன்.

மற்ற இரண்டையும் உறையில் போட்டுச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். மூன்றாவதைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு தெருக்கோடியில் ஓடும் பாளையங்கால்வாய்க்குப் போனேன். தண்ணீரில் போட்டதும் அது மூழ்கிவிடும் என்றுதான் நினைத்தேன். முகம் மேலாகவே மிதந்தது. கல்லெடுத்து எறிந்தேன். மூன்று கல் தவறியது. பிறகு படம் பாலத்துக்கு அடியில் போய் மறைந்தது. வீட்டுக்கு வரும்போது பெரிய உதவி ஒன்றைச் செய்துவிட்ட நிறைவோடு வந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாயங்காலம் வாப்பா உறையைப் பிரித்தார். இரண்டுதான் இருந்தன. "நீ பிரிச்சியா?" என்றார். இல்லை என்றேன். அதற்குமேல் என்னை யாரும் கேட்கவில்லை.

சாச்சி அந்த இரண்டு படங்களையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு தொழுகைப் படத்தில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதாக நின்ற முதுகைத் தொட்டாள்.

"இந்தா நிக்காகல்லா. இது அவுக தோளு."

உம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுக மய்யித்துக்குத்தானளா தொழுதுட்டிருக்காக."

"யாரு மய்யித்தோ. இவுக நின்னு தொழுதாக" என்றாள் சாச்சி. மறுநாள் காலையில் பின்னறையை விட்டு எழுந்து வந்து முற்றம் பெருக்கினாள். இத்தா அதோடு முடிந்தது.

வாப்பா வள்ளியூருக்குப் போய் அண்ணாச்சியை அழைத்துவந்தார். "மூணு படம் வச்சேன் பாய். எம்பிள்ளைக மேல சத்தியமா மூணு" என்று அவர் சொன்னார். படம் எடுத்த கேமராக்காரன் தன் நாட்டுக்குப் போய்விட்டானாம், அவன் முகவரி இல்லையாம். திரைக்குப் பின்னாலிருந்து சாச்சி கேட்டாள்.

"மொகத்தப் பாத்தேன்னு சொல்லுதீக. படத்தக் கேட்டா காணோம்ங்குதீக. நான் எத நம்ப, அண்ணாச்சி?"

அவர் தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனார். நான் கதவோரத்தில்தான் நின்றேன். படம் கால்வாயில் போய்விட்டது. இப்போது சொன்னால் அடிதான் விழும், படம் வராது. என் கணக்கு அவ்வளவுதான்.

சாச்சிக்குப் பெண் பிறந்தது. வாப்பா எங்கே என்று கேட்கும் வயது வந்தபோது, வெளிநாட்டில் என்று சாச்சி பதில் சொன்னாள். அரபியில் இறப்புச் சான்றிதழ் வந்தது. பேரு மாறிப் போயிருக்கும் என்றாள். அவளுக்கு இருபத்துநாலு வயதுதான். நல்ல இடங்கள் தேடி வந்தன. "புருஷன் இருக்கும்போது இன்னொரு நிக்காஹா?" என்று கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். நாளாக நாளாக ஊரில் அவளைக் கிறுக்கி என்றார்கள். அவள் மகள் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள்.

நான் படித்தேன், சென்னைக்குப் போனேன், படங்களைப் பற்றி எழுதிப் பேர் வாங்கினேன். என் முதல் புத்தகம் வந்திருந்த சமயம் ஊருக்குப் போயிருந்தேன். சாச்சி பீரோவிலிருந்து அந்தத் தொழுகைப் படத்தை எடுத்து வந்தாள். ஓரமெல்லாம் தேய்ந்து, மூன்றாவது ஆளின் முதுகு விரல் பட்டு வெளுத்திருந்தது.

"ஏளா, நீ படம் பாக்கிறதுல பெரிய ஆளாமே. இதப் பாத்துச் சொல்லு. நிக்கது அவுகதான?"

நான் பார்க்கவில்லை. படத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உறை, சோற்றுப் பருக்கை, கால்வாய், கல். கேட்டுக்கொண்டிருந்த சாச்சியின் மகள் எழுந்து போய் என் செருப்பை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். அன்று முதல் அவள் என்னோடு பேசுவதில்லை.

மறுநாள் சாச்சி பின்னறையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பிள்ளை பெற்ற அன்றைக்கே இத்தா முடிந்துபோயிற்று, இனிமேல் அப்படி ஒரு கடமை இல்லை என்று பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து ஒரு பெரியவர் சொல்லியனுப்பினார். எனக்கு நேத்துத்தான மவுத்துச் சேதி வந்திச்சு என்று சாச்சி பதில் அனுப்பினாள். இத்தாவுக்குரிய நாலு மாதம் பத்து நாளைக் கணக்கு வைத்து உட்கார்ந்தாள்.

இடையில் ஒருநாள் என்னை வரச்சொல்லி, வள்ளியூருக்குப் போய் அண்ணாச்சியிடம் உண்மையைச் சொல்லச் சொன்னாள். போனேன். அவர் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்களும் அங்கனதான் நின்னீங்க, இல்லையாம்மா?"

ஆமாம் என்றேன்.

"சரி. திருநெல்வேலி பஸ் இப்ப வரும். கெளம்புங்க."

அதைச் சாச்சியிடம் வந்து சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "அந்தப் படத்தச் சொல்லு" என்றாள். "ஒண்ணு விடாம."

சொன்னேன். இடது கன்னம் வீங்கிக் கறுத்திருந்தது. நெற்றியில் தையல். மூக்கில் பஞ்சு. மீசை இருந்தது. வாய் மூடியிருந்தது.

"கண்ணு?"

ஒரு கண் மூடியிருந்தது, இன்னொன்று முழுசாக மூடவில்லை, கீழே ஒரு கோடு வெள்ளையாகத் தெரிந்தது என்றேன். படத்தை நான் கவிழ்த்தது அதைப் பார்த்துத்தான். செத்தவர் என்னைப் பார்க்கிறார் என்று பயந்துபோனேன். அதையும் சொன்னேன்.

"வலது கண்ணா?"

"ஆமா சாச்சி."

"தூங்கும்போது அவுகளுக்கு அது மூடாது" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

நெற்றியும் கன்னமும் மாறிப்போன அந்த முகத்தில், இது அவர்தான் என்று சொல்ல அந்த ஒரு கண்தான் மிச்சம் இருந்திருக்கிறது. சாச்சா தூங்கி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் படுத்து அவர் தூங்குவதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மனைவி என்றால் அதையெல்லாம் அறிந்தவள் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது.