கடலைப் பார்த்துக் கொடுத்த குரல்

டீசல் வாசனை என்றால் மற்றவர்களுக்கு லாரி ஞாபகம் வரும், பஸ் ஞாபகம் வரும்; எனக்கோ மாமாவின் சட்டைதான் ஞாபகம் வரும். நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தவர் அவர். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாசனை போகாது என்று அத்தை அவர் துணிகளை மட்டும் தனிக் கொடியில் காயப்போடுவாள். இன்றைக்கும் எங்கள் மலை ஊரான வாழவந்தியில் காப்பிப்பழம் அரைக்கிற இயந்திரத்தை ஓட்டினால் போதும், மாமா வந்துவிட்டாரா என்று வாசலைப் பார்ப்பேன்.

என் அம்மாவின் ஒரே தம்பி அவர். எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய "லைன் ஊட்டில்" பிறந்து, காப்பிச் செடிகளுக்கு நடுவே வளர்ந்து, கடலைப் பார்த்தறியாத வயதில் கடற்படையில் சேர்ந்தவர். பெற்றோர் இல்லாத அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அம்மா. மலையடிவாரத்துக் குப்பனூரில் பெண் எடுத்து, ஆந்திரக் கரையோரத்தில் நீர்மூழ்கிக்காரர்களின் குடும்பங்கள் மட்டுமே இருந்த ஒரு சின்னக் குடியிருப்பில் அவர் குடித்தனம் வைத்திருந்தார். ஒரு கோடை விடுமுறையில் நானும் அம்மாவும் ஒரு முழுப் பலாப்பழத்தோடு அங்கே போய் இறங்கினோம். வழியெல்லாம் ரயில் பெட்டியே எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

அம்மாவுக்கு அந்தக் கப்பலைப் பற்றிக் கேட்கக் கேட்கப் பொறுக்கவில்லை.

"ஏஞ்சாமி, சன்னலாவது இருக்குதா?"

"சன்னலே கெடையாதுக்கா. தண்ணிக்குள்ள என்னத்தப் பாக்கறது?"

"சன்னலில்லாத ஊட்டுல கோழிகூட அடையாதேடா! உன்னைய இதுக்கா வளத்தேன்?" என்று ஆரம்பித்து, அன்றைக்கு முழுக்க அவள் வாய் ஓயவேயில்லை. மாமா சிரித்துக்கொண்டே பலாச்சுளைகளை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் என் கையில் கொடுத்தனுப்பினார். தெலுங்கு, மலையாளம், இந்தி என்று வீட்டுக்கொரு பாஷை. ஆனால் எல்லா வீட்டுக் கொடியிலும் அதே டீசல் வாசனை.

அந்தக் குடியிருப்புக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கப்பல் புறப்படும் நாளில் பெண்கள் கரைப் பாறைகளில் போய் நிற்பார்கள். கையசைக்க மாட்டார்கள், கூப்பிட மாட்டார்கள், எப்போது திரும்புவார்கள் என்று கேட்கவே மாட்டார்கள். "கூப்புட்டா அவிங்க மனசு கரையிலயே நின்னுரும்" என்று அத்தை எங்களுக்கு முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள்.

எங்கள் மலை வழக்கமோ நேர் எதிர். காப்பிப்பழம் பறிக்கும்போது மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்துச் செடியில் நிற்கிற ஆள்கூடத் தெரியாது. அப்போது ஒருவர் "ஓஓஓய்" என்று குரல் கொடுக்க வேண்டும். கேட்டவர் "வந்தேஏஏன்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல், கூப்பிட்டவர் வீடு திரும்பக் கூடாது. நடை பழகும்போதே மாமாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவள் அம்மாதான்.

கப்பல் புறப்பட்ட அன்று அதன் கறுத்த முதுகின் மேல் மாலுமிகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றார்கள். அதில் மாமா யாரென்று நான் கண்டுபிடிப்பதற்குள் கடல் மேல் லேசாகப் பனி படரத் தொடங்கியது. அம்மாவுக்கு அது போதாதா? கரையே அதிரும்படி "ஓஓஓய்" என்று கத்தினாள். அத்தை பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். "அக்கா, வேண்டாங்க! கூப்புடாதீங்க!" மற்றப் பெண்கள் முகம் வெளிறிப்போய் நின்றார்கள். வரிசையிலிருந்து ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

"பதிலே வரலியே புள்ள" என்று அம்மா அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பொழுது சாயும்போது அத்தையும் நானும் இழுக்காத குறையாக அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

மலைக்குத் திரும்பிய அடுத்த மாதமே அம்மா காய்ச்சலில் படுத்தாள். சேலம் பெரியாஸ்பத்திரிக் கட்டிலிலும் "பதில் வரலியே" என்பதுதான் அவள் பேச்சு. பிழைக்கவில்லை. எஸ்டேட் ஆபீசிலிருந்து ரைட்டர் அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னார். அத்தை மட்டும்தான் வந்தாள். "தண்ணிக்கடியில இருக்கற ஆளுக்குச் சாவுச் சேதி சொல்ல மாட்டாங்கண்ணா" என்று என் அப்பாவின் முன்னால் விம்மினாள். அந்த இரும்புக் கூட்டுக்குள் ஒருவன் மனம் உடைந்தால் அத்தனை பேர் உயிருக்கும் ஆபத்தாம். நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பாவி மனசு அந்த நியாயத்தை அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

கருமாதியெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் காலை, எதிரே நிற்பது தெரியாத மூடுபனி. பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், ரோட்டு வளைவிலிருந்து,

"வந்தேஏஏன்!"

துறைமுகத்தில் இறங்கியதுமே அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். அம்மா இல்லை என்று தெரிந்துதான் அவர் அந்தப் பதிலைக் கத்தினார். வாசலுக்கு வந்து டீசல் வாசனையோடு என்னைக் கட்டிக்கொண்டு, "கேட்டுச்சு கண்ணு, அக்கா கூப்புட்டது நல்லாக் கேட்டுச்சு. வரிசையில நிக்கறப்ப வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்று அழுதார்.

அதன்பிறகு மாமா மலையில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. ஓய்வு பெற்றும் அந்தக் கரையிலேயே இருந்துவிட்டார். போன தை மாதம் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

அஸ்தி கரைக்கப் போயிருந்தேன். பழைய குடியிருப்பை இடித்து மாடி மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். கொடிகளைக் காணோம், எல்லா வீட்டிலும் துணி துவைக்கும் மெஷின். எங்கள் மலையிலும் இப்போது பனி இறங்கினால் போனை எடுத்து "எங்கிருக்கே?" என்கிறார்கள், "ஓஓஓய்" என்றால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மாமாவின் கூட்டாளிகள் மீன்பிடிப் படகில் அஸ்தியை எடுத்துப்போக, நானும் அத்தையும் அதே பாறைகளில் நின்றோம்.

"கூப்புடு கண்ணு" என்றாள் அத்தை.

நான் வாயருகே கொண்டுபோன கையை இறக்கிவிட்டேன். அத்தை என்னைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். அத்தனை வருஷம் அந்தக் கரையில் நின்று ஒரு தடவைகூட அவரைக் கூப்பிடாதவள், அன்று அம்மாவின் வாயைப் பொத்திய அதே கையைத் தன் வாயருகே குவித்து, "ஓஓஓய்" என்று கத்தினாள். மறுபடியும் கத்தினாள். படகு திரும்பி வந்தது. படகுக்காரர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பதில் வராமல் வீடு திரும்பக் கூடாது. அன்று நாங்கள் திரும்பினோம்.